வந்த மாதிரிதான்

எங்கள் குடும்பத்தில் யாரும் நேரத்துக்குக் கிளம்பியதாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் போனில் எல்லாரும் நேரத்துக்கு வந்துவிடுவோம். "எங்க இருக்கீங்க?" என்று அக்கா கேட்டால், தலையில் சோப்பு நுரையோடு நின்றபடி "இதோ, வந்துட்டேன்" என்பார் மாமா. அது பொய் இல்லை. இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்று கேட்கிறவளுக்கும் தெரியும். அவள் பாட்டுக்கு வேறு வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்லி ஆளைச் சமாதானப்படுத்துவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இதை வேறு மொழியில் எப்படிச் சொல்வது என்பதுதான் என் பிழைப்பு. நான் மொழிபெயர்ப்பாளர். புத்தகம் இல்லை, பேச்சு. முதல் போட வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் இங்கே தொழில் நடத்துகிறவர்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடுவார்கள். அது என்னுடையது. டீ வரும்போது இரண்டு பக்கமும் என்னை மறந்துவிடும். "ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட போய்ச் சொல்றதுக்கு இவளுக்குச் சம்பளம் தர்றாங்க. நம்ம தெருவுல பாதிப் பேர் இதை ஓசியில செய்றாங்க" என்று அக்கா கிண்டல் செய்வாள். அவளை விட்டுவிடலாம். ஆனால் "ரெண்டு பாஷை தெரிஞ்சா போதுமே" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவர் பேசி முடித்து, மற்றவர் உங்கள் வாயைப் பார்க்கிற அந்த இரண்டு வினாடியில் பாஷை மட்டும் தெரிந்தால் போதாது.

அந்த இரண்டு வினாடியில்தான் நான் தப்புச் செய்தேன். அதுவும் அக்கா வீட்டுக்காரரின் பேச்சில்.

மாமாவின் ஆலை ரப்பர் வளையம் செய்கிறது. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் தண்ணீர் கசியாமல் இருக்கப் போடுகிற வளையம். சுண்டுவிரலில் மாட்டுகிற அளவிலிருந்து கழுத்தில் மாட்டுகிற அளவு வரைக்கும் இருக்கும். ஒரே கொட்டகை, நான்கு அச்சு இயந்திரங்கள், முப்பத்திரண்டு பேர். அச்சிலிருந்து வருகிற வளையத்தில் ஓரமெல்லாம் பிசிறு இருக்கும். அதைக் கத்தரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கழுவி, பையில் போடுகிற மேசைக்கு அக்காதான் தலைவி. பதினெட்டு வருஷமாக அவள் விரல் நுனிகள் கறுப்பு.

வளையங்களில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்த பம்பு கம்பெனி திடீரென்று பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது. வாரத்துக்கு ஆறு நாள் ஓடிய ஆலை மூன்று நாளாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, வளையத்துக்காக இங்கே ஒரு கூட்டாளியைத் தேடிக்கொண்டு வந்தது. பாதி முதல் அவர்களுடையது, புது இயந்திரமும் அவர்களுடையது. மாமா இரண்டாவது கொட்டகைக்குச் சுவர் எழுப்பிவிட்டார். கூட்டு அமைந்தால் இரண்டு கொட்டகையும் ஓடும். அமையாவிட்டால் வருஷக் கடைசிக்குள் இருக்கிற ஒன்றையும் பூட்ட வேண்டியதுதான். இது ஆலையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கம்பெனி சார்பில் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி, முழுக்கைச் சட்டை. சுவர் எப்போது பூசுவீர்கள், மின்சாரம் எப்போது வரும், எதைச் சொன்னாலும் "எந்தத் தேதி?" என்று கேட்பார். கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். பிசிறு மேசைக்காரர்கள் முதல் நாளே அவருக்குத் தேதி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் மாமாவுக்குச் சொந்தம் என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

மூன்றாம் தேதி நடந்த கூட்டம்தான் முக்கியமானது. மாமாவின் அறையில் மேசைக்கு நடுவே மாதிரிப் பை இருந்தது. பத்து அளவில் பத்து வளையம், மேலே அக்கா கையெழுத்தில் 'மாதிரி' என்று ஒட்டிய சீட்டு. தேதி சார் முதல் தடவை வந்தபோது அந்தச் சீட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். அன்றிலிருந்து பையைப் பார்க்கும்போதெல்லாம் "மாதிரி" என்று அழகாகச் சொல்வார். எங்கள் மொழியில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அது.

வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியாகக் கழிவுநீர் அனுமதிக்கு வந்தார். வளையம் கழுவிய தண்ணீரை வெளியே விடுவதற்கு அரசாங்க அலுவலகம் தருகிற காகிதம். அது இல்லாமல் இரண்டாவது கொட்டகையில் ஒரு பல்பைக்கூடப் போட முடியாது. "அனுமதி வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

மாமா நாற்காலியில் சாய்ந்து, கையை விரித்து, "வந்த மாதிரிதான் சார்" என்றார்.

கதவருகே அக்கா டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தேதி சாரின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிசிறு மேசையில் பாதிக் கத்தரிகள் ஓடவில்லை. நான் வாயைத் திறந்தேன். "வந்துவிட்டது" என்று அவர் மொழியில் சொன்னேன்.

மூன்று சொல்லில் ஒன்றைத்தான் கொடுத்தேன். வேண்டுமென்றே விட்டேனா, தானாக விழுந்துவிட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கே அது வந்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். தேதி சார் எழுதிக்கொண்டார். பதினெட்டாம் தேதி பதினோரு மணிக்குக் கையெழுத்து என்றார்.

நான்கு நாள் கழித்துத் தேதி சாரிடமிருந்து கடிதம் வந்தது. மாமாவுக்குச் சொல்லச் சொல்லி எனக்குத்தான் அனுப்பியிருந்தார். அனுமதி வந்துவிட்டதால் வேறு ஊரில் பார்த்து வைத்திருந்த ஆலைக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். இயந்திரம் இருபத்திரண்டாம் தேதி கப்பலில் ஏறுகிறது. அனுமதியின் எண் இருந்தால்தான் இங்கே துறைமுகத்தில் அதை இறக்கவே விடுவார்கள், ஆகவே பதினெட்டாம் தேதி மூலக் காகிதத்தைத் தயாராக வைத்திருக்கவும். படித்துக்கொண்டே வந்ததில் பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

நேராக ஆலைக்குப் போனேன். மாமா ஏணியில் நின்று புதுக் கொட்டகையின் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த அனுமதி கையில இருக்கா?"

"வந்த மாதிரிதான்னு அன்னிக்கே சொன்னேனே."

"நான் வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்."

ஏணியிலிருந்து இறங்கினார். ஒவ்வொரு படியாக, கையைத் துடைத்துக்கொண்டே. "நான் சொன்னது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணா? உனக்குத் தமிழ் தெரியாதா?"

"தமிழ் தெரிஞ்சதாலதான் வந்த வினை" என்றேன். கோபத்தில் எனக்குக் குரல் ஏறிவிட்டது. "வந்த மாதிரின்னா என்ன அர்த்தம்? வரலைன்னுதானே அர்த்தம்? வரலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"வரலைன்னு எப்படிச் சொல்றது? ஆபீஸ்ல அவங்களே அப்படித்தானே சொன்னாங்க!"

மறுநாள் அவரோடு நானும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். இரண்டாவது மாடி, சுவரோரமாகப் பெஞ்சு, அதில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர். கோப்பைப் பார்க்கிற குமாஸ்தா நல்ல மனிதர். மாமாவைப் பார்த்ததுமே எழுந்து சிரித்தார். "வாங்க வாங்க. உங்களுது முடிஞ்ச மாதிரிதான். பெரியவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவருக்கு மாற்றல் ஆகிடுச்சு, புதுசா வர்றவர் இதோ வந்துட்டாரு."

"எங்க?" என்று சுற்றிப் பார்த்தேன்.

"வந்துடுவாரும்மா. ஆர்டர் போட்ட மாதிரிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மாமா பொய் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்ததைத்தான் அவர் கொடுத்தார். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் நல்ல வார்த்தை சொன்னார்கள். நான் ஒருத்திதான் அதிலிருந்து ஒரு சொல்லை உருவிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் பஞ்சாயத்து. நான் தேதி சாருக்கு உடனே எழுதிவிடுகிறேன் என்றேன். மாமா விரலை மடக்கிக் காட்டினார். "இருபத்திரண்டு ஏறுது. கப்பல் வந்து சேர ஒரு மாசம். அதுக்குள்ள ஒரு கையெழுத்து கிடைக்காதா? பதினெட்டுக்கு மூலக் காகிதம் கேட்டா, அடுத்த வாரம்னு சொல்லிக்கலாம். நீயா போய்க் கெடுக்காதே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பத்தில் எட்டுத் தடவை இங்கே அப்படித்தான் எல்லாம் நடக்கிறது, நடந்தும் விடுகிறது. மீதி இரண்டு தடவைகளில் இயந்திரம் துறைமுகத்தில் மழையில் கிடக்கும்.

நான் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். "முப்பத்திரண்டு பேர் இருக்காங்க. என் மேசையில மட்டும் பதினோரு பேர்" என்றாள். "இந்த ஒரு தடவை நீ ஊமையா இருந்துடேன். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்." அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் என்னை அடித்துத்தான் பழக்கம். சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல், "பார்க்கலாம் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நானும் அதே வேலையைத்தான் செய்துவிட்டு வருகிறேன்.

கடிதம் எழுதவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

பதினெட்டாம் தேதி பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே தேதி சார் வந்துவிட்டார். மாமா அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை. காகிதங்களை விரித்து வைத்ததும் எல்லாரும் கையெழுத்துத்தான் என்று நினைத்தோம். அவர் கட்ட நோட்டைத் திறந்தார். இதுவரை சொன்ன ஒவ்வொன்றையும் படிக்கிறேன், சரியா என்று முதலாளி சொல்லட்டும் என்றார். சுவர், சரி. மின்சாரம், சரி. தண்ணீர்த் தொட்டி, சரி. பிறகு மூன்றாம் தேதிக் கட்டத்தில் விரல் வைத்தார்.

நான் மாமாவைப் பார்த்துச் சொன்னேன். "கழிவுநீர் அனுமதி வந்துடுச்சுன்னு நீங்க சொன்னதா எழுதியிருக்காரு. சரியான்னு கேக்கறாரு."

மாமா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல், தலையை ஆட்டினால்கூடப் போதும். அவர் என்னைப் பார்த்தார், கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது. பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியும், அவருக்கு அது வரவே வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்த மாதிரிதான் சார்" என்றார்.

அதே வார்த்தை, அதே கை விரிப்பு. மறுபடியும் அந்த இரண்டு வினாடி எனக்குக் கிடைத்தது. கதவருகே அக்கா நிற்கிறாள் என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

"அனுமதி இன்னும் வரவில்லை" என்றேன் தேதி சாரிடம். "வந்துவிடும் என்று அலுவலகத்தில் இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இவரும் அதை நம்புகிறார். மூன்றாம் தேதி இவர் சொன்னதும் இதேதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நான்தான் தவறாகச் சொன்னேன்."

தேதி சார் பேனாவை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவர் சொன்னதில் எனக்குத் தெரிந்த ஒரு சொல் கேட்டது" என்றார். மேசை நடுவிலிருந்த பையை எடுத்து, சீட்டைக் காட்டினார். "மாதிரி. இந்தச் சொல்தானா?"

"ஆமாம். அதே சொல்தான். பொருளைக் காட்டுவதற்குக் கொடுப்பதும் மாதிரி. ஆகாததை ஆனது போலச் சொல்வதும் மாதிரி."

அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்படியானால் இந்த வளையங்கள்? இவையும் வளையம் போலத்தானா?"

இதை மாமாவுக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அன்றைக்கு எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சொன்னேன்.

மாமா எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. கதவைத் திறந்து, தேதி சாரை வாங்க என்று கையால் கூப்பிட்டார். பிசிறு மேசையில் அன்றைய வளையங்கள் குவியலாகக் கிடந்தன. "எடுக்கச் சொல்லு. அவர் கையால எடுக்கச் சொல்லு. எது வேணாலும், எத்தனை வேணாலும்."

தேதி சார் குவியலின் அடியில் கையை விட்டு ஏழு வளையம் எடுத்தார். அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி, இழுத்து, முறுக்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். பிறகு கத்தரியால் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை அவர் கண்ணுக்கு நேராக நீட்டினாள். ஒரு குமிழ் இல்லை, ஒரு ஓட்டை இல்லை. ஏழாவதை அவரே கத்தரியை வாங்கி வெட்டினார். பதினோரு பேரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயே, மேசைக்கு முன்னால் நின்றபடியே தேதி சார் கேட்டார். "அனுமதி எந்தத் தேதி வரும்?"

மாமா வாயைத் திறந்தார், மூடினார். முப்பத்திரண்டு பேருக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "தெரியாது" என்றார்.

நானும் அப்படியே சொன்னேன். தேதி சார் நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினார். பிறகு நிதானமாகப் பேசினார். நான் மாமாவுக்குச் சொன்னேன்.

"இன்னிக்குக் கையெழுத்து இல்லைன்னு சொல்றாரு. மிஷின் கப்பல்ல ஏறாது, இப்பவே போன் பண்ணி நிறுத்தறாராம். வேற ஆலைக்கும் உடனே போக மாட்டாராம். நாப்பத்தஞ்சு நாள் காத்திருப்பாராம். காகிதம் கைக்கு வந்ததும் சொல்லச் சொல்றாரு. அப்புறம்..." அதையும் விடாமல் சொன்னேன். "அடுத்த தடவை வேற மொழிபெயர்ப்பாளரோட வர்றாராம். தப்பாச் சொன்ன ஆளை வெச்சுக்கறதுக்குக் கம்பெனி விதியில இடமில்லையாம்."

"அது யாரைச் சொல்றாரு?" என்று கேட்டார் மாமா.

"என்னைத்தான் மாமா."

அக்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையெல்லாம் கறுப்பானது.

முப்பத்தொன்பதாம் நாள் காலை மாமா போன் செய்தார். "வந்துடுச்சு."

"வந்துடுச்சா, வந்த மாதிரியா?"

போனில் ஏதோ சலசலவென்று கேட்டது. காகிதத்தைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுகிறார். "கேட்டுச்சா?" என்றார். "முத்திரை சத்தம் போடாது, அதை நீ நேர்ல வந்து பார்த்துக்கோ."

கையெழுத்து நாளன்று நான் போனேன், வீட்டு ஆளாக. பிசிறு மேசையில் அக்கா பக்கத்தில் ஒரு முக்காலி. அறைக் கதவு திறந்திருந்தது. புது மொழிபெயர்ப்பாளர் கழுத்துப் பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல உச்சரிப்பு, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எரிச்சலாக இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

காகிதத்தைத் தேதி சார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அக்கா வளையத்தைப் பார்ப்பதுபோல. கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக, புதுக் கொட்டகைக்குக் கூரை எப்போது முடியும் என்று கேட்டார்.

"முடிஞ்ச மா..." என்று ஆரம்பித்த மாமா, திறந்த கதவு வழியாக என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மறுபடியும் ஆரம்பித்தார். "தகடு இன்னும் வரலை. வந்தா பதினஞ்சு நாள்ல முடியும்னு நினைக்கிறேன்."

புது மொழிபெயர்ப்பாளர் சிரித்த முகத்தோடு தேதி சார் பக்கம் திரும்பி, "பதினைந்து நாள்" என்றார்.

நான் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு அங்கே வாய் இல்லை.

தேதி சாரின் பேனா காகிதத்தைத் தொடவில்லை. அவர் மாமாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு புது ஆளைப் பார்த்தார்.

"அவர் சொன்னது இதைவிட நீளமாக இருந்ததே" என்றார். "மீதியையும் சொல்லுங்கள்."